தட்டினா சரியாப் போச்சு!

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சாமான் இருந்திருக்கும். பழைய டி.வி.யோ, மிக்ஸியோ, டேபிள் ஃபேனோ... நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று நின்றுவிடும். தலையில் 'பட்'டென்று ஒரு தட்டு தட்டினால் மறுபடி உயிர் வரும். 'லூஸ் கனெக்‌ஷன்' என்று சொல்லிவிட்டு நாமும் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் இன்னும் கொடுமை. அவர் வந்து நிற்கும்போது அந்தச் சாமான், பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைப் பையன் மாதிரி அவ்வளவு சமர்த்தாக இருக்கும்! ''நல்லாத்தானே சார் ஓடுது'' என்று அவர் கிளம்புவார். தெருமுனை திரும்பியிருக்க மாட்டார்... மறுபடி நின்றுவிடும்.

வீட்டில் இது வேடிக்கை. இதே கோளாறு, 20 டன் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கிரேனுக்கு வந்தால்?

தருமபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூர் என்று ஒரு பேரூராட்சி. ஊர்ப் பெயரையே தாங்கிய சிற்றாறு ஒன்று அந்தப் பக்கம் ஓடி, தென்பெண்ணையில் கலக்கிறது. அந்த மாவட்டமும் பக்கத்துக் கிருஷ்ணகிரியும் கல்லுக்குப் பேர்போனவை. 1965-ல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மாவட்ட எல்லைகள் மாறினாலும் பாறை மாறவில்லை! அங்கே வெட்டி எடுக்கும் கறுப்பு கிரானைட், பளபளவென்று பாலிஷ் ஆகி, கப்பலேறிப் போய், வெளிநாட்டுக் கல்லறைகளில் நினைவுக்கல்லாக நிற்கிறது. இந்தக் கறுப்புக் கல்லில் ஒரு கன மீட்டர் எடுத்தால் கிட்டத்தட்ட 3 டன் எடை. மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு பாளம் வெட்டினால், கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 டன்னைத் தாண்டிவிடும். நாலைந்து யானைகள் ஒரு கொக்கியில் தொங்குகிற மாதிரி!

அப்படிப்பட்ட கல்லைக் கையாளுகிற ஒரு பட்டறையை மனதுக்குள் கொண்டுவாருங்கள். தண்டவாளத்தின் மேல் நகரும் இரண்டு இரும்புக் கால்கள். அவற்றின் தலையில் குறுக்கே ஓர் உத்தரம். உத்தரத்தில் ஓடும் ஒரு வண்டி. வண்டியிலிருந்து தொங்கும் இரும்புக் கயிறும் கொக்கியும். மேலிருந்து நீளமாக ஒரு கேபிள் இறங்கி வரும். அதன் நுனியில் பொத்தான்கள் வைத்த பெட்டி. அதைக் கையில் பிடித்தபடி ஆபரேட்டர் கீழே கூடவே நடந்து வருவார். ஏற்று, இறக்கு, முன்னே, பின்னே... எல்லாம் அந்தப் பெட்டியில்தான்.

கல் ஆறடி உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கிரேன் சட்டென்று நிற்கிறது. ஆபரேட்டர் பொத்தானை விட்டு மறுபடி அழுத்துகிறார். ஊஹூம்! பெட்டியைக் கொஞ்சம் ஆட்டுகிறார். ஓடுகிறது! சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் வருகிறார்.

''அண்ணா, காலையில மூணு தடவை நின்னுச்சுங்கண்ணா.''

''இப்ப ஓடுதே தம்பி?''

''இப்ப ஓடுதுங்க...''

''அப்புறம் என்ன? மறுபடி நின்னா கூப்பிடு.''

இது கற்பனைதான். ஆனால், எந்தப் பட்டறையிலும் எந்த நாளிலும் நடக்கக்கூடிய பேச்சு. இந்த நாலு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. 'தானாகச் சரியான கோளாறு, உண்மையில் சரியாகவே இல்லை' என்பதை உலகம் பல உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட கதை அது.

* * *

கனமான பொருளைத் தூக்குவது மனிதனுக்குப் புதிதல்ல. தருமபுரி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான நடுகற்கள் நிற்கின்றன. போரில் விழுந்த வீரனுக்கு, ஆநிரை மீட்டவனுக்கு, புலியோடு மோதிச் செத்தவனுக்கு... என்று நட்ட கற்கள். கோயில்களின் உத்தரக் கற்களோ அவற்றைவிடப் பல மடங்கு கனமானவை. நெம்புகோல், உருளை, மண் சாரம், கயிறு, மாடு, மனிதன். அவ்வளவுதான் கருவிகள். அந்தக் கருவிகளிலும் கோளாறு வரும். ஆனால், சொல்லிவிட்டு வரும்! கயிறு அறுவதற்கு முன்னால் நார் நாராகப் பிரியும். மரம் முறிவதற்கு முன்னால் 'கிரீச்'சென்று கத்தும். கண்ணும் காதும் உள்ளவன் தப்பித்துவிடலாம்.

1846-ல் இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுகத்தில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்பவர் தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் கிரேனை நிறுவினார். இவர் படித்தது வக்கீல் தொழில்! தண்ணீர் கிரேனில் கோளாறு என்றால் ஒழுகும். நீராவி கிரேன் என்றால் சீறும். சென்னைத் துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவரைக் கட்டியபோது 'டைட்டன்' என்ற ராட்சத கிரேன்கள் கான்கிரீட் பாளங்களைத் தூக்கிக் கடலில் வைத்தன. 1881 நவம்பரில் வீசிய புயல் அரை மைல் நீளச் சுவரோடு இரண்டு டைட்டன் கிரேன்களையும் வாரிக்கொண்டு போய்விட்டது. பயங்கரம்தான். ஆனால், என்ன நடந்தது என்று கரையில் நின்ற குழந்தைக்கும் தெரியும்.

பிறகு மின்சாரம் வந்தது. அதோடு கண்ணாமூச்சி ஆடும் கோளாறும் வந்தது!

1895 மே 7-ம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம். தலைக்கு மேல் கம்பி கிடையாது. தெருவுக்கு அடியில் ஒரு நீளமான குழி, குழிக்குள் மின்சாரம். சாலையில் இருந்த பிளவின் வழியாக வண்டி அந்த மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால், சென்னையின் ஐப்பசி மழைக்கு அழகு புரியுமா? குழிக்குள் தண்ணீர் புகுந்தது. வெயிலில் ஒழுங்காக ஓடிய டிராம், மழையில் மக்கர் பண்ணியது. கடைசியில் குழியைக் கைவிட்டுக் கம்பியைத் தலைக்கு மேலே கட்டினார்கள். 1953 வரை ஓடிய டிராம் அந்தக் கம்பியை நம்பித்தான் ஓடியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மின்சாரக் கோளாறுக்குப் பருவம் உண்டு. மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. அதைப் பிடிக்க வேண்டுமென்றால், எந்தப் பருவத்தில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த பாய்ச்சல் 1902-ல். மைசூர் சமஸ்தான திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில் போட்ட திட்டப்படி, காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்க வயலுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைய உலகில் அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கொண்டுபோவது பெரிய சாகசம்.

கோலாருக்கும் கம்பைநல்லூருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? காக்கை பறக்கிற நேர்க்கோட்டில் அளந்தால் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் போய் இறங்கிய பூமி அது. 'இறங்கிய' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்! சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம். ஒரு குழியில் இறங்கி, நடந்து, இன்னொரு குழியில் இறங்கி... என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு குழியிலும் கயிற்றில் தொங்கும் இரும்புக் கூண்டுதான் வாகனம். மேலே இயந்திரம் ஓட்டுகிறவருக்குக் கூண்டு கண்ணில் படாது. கீழிருந்து வரும் மணிச் சத்தம்தான் பாஷை. அந்தச் சத்தம் ஒருமுறை வந்து, ஒருமுறை வராமல் போனால்? கூண்டில் இருப்பது கல் அல்ல, மனிதர்கள்! 2001 பிப்ரவரி கடைசியில் அந்தத் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கயிறுகளில் தமிழர்களின் உயிர் ஏறி இறங்கியது.

* * *

சரி... கண்ணுக்குத் தெரியாத கோளாறை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

இந்த வித்தையின் பிறப்பிடம் தந்தி. நூற்றுக்கணக்கான மைல் கம்பியில் எங்கோ ஓரிடத்தில் பழுது. ஊர் ஊராக நடந்து பார்க்க முடியுமா? கடலுக்கடியில் போட்ட கேபிளில் நடக்கவே முடியாதே! 1833-ல் சாமுவேல் கிறிஸ்டி யோசித்து, 1843-ல் சார்லஸ் வீட்ஸ்டன் பிரபலமாக்கிய ஒரு மின்சுற்று கை கொடுத்தது. கம்பியின் மின்தடையை மிக நுட்பமாக அளந்தால், பழுது எத்தனை மைல் தூரத்தில் என்று மேஜையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுவிடலாம். பள்ளிக்கூட பிசிக்ஸ் லேபில் 'வீட்ஸ்டன் பிரிட்ஜ்' என்று நம்மைப் பாடாய்ப் படுத்தியது இதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எவர்ஷெட் கம்பெனியின் 'மெக்கர்' வந்தது. கைப்பிடியைச் சுற்றினால் அதுவே உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, ஒயரின் மேலுறை தாங்குமா, கசியுமா என்று சொல்லிவிடும். 1923-ல் ஆம்ப்ஸ், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் 'ஏவோ மீட்டர்' விற்பனைக்கு வந்தது. உருவாக்கியவர் பிரிட்டிஷ் தபால் துறையில் வேலை பார்த்த டொனால்டு மெக்கடி. மூன்று தனித்தனிக் கருவிகளைச் சுமந்து திரிய வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலில் பிறந்த கருவி! இன்று எலெக்ட்ரீஷியன் சட்டைப் பையில் கிடக்கும் மல்டிமீட்டருக்கு அதுதான் தாத்தா.

ஆனால், எல்லா மீட்டருக்கும் ஒரு பலவீனம். கோளாறு இருக்கும்போது வைத்தால்தான் காட்டும். இல்லாதபோது வைத்தால் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று கூசாமல் பொய் சொல்லும்!

இந்தப் பொய்யைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கிரேனின் பொத்தான் பெட்டிக்குப் போகும் கேபிள், நாள் முழுக்க வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து... உள்ளே தாமிர இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மேலுறை ஜம்மென்று இருப்பதால் வெளியே தெரியாது. கடைசி இழை அறுந்த பிறகும் இரண்டு நுனிகளும் உறைக்குள் தொட்டுக்கொண்டு நிற்கும். கேபிள் தொங்கினால் தொடும், இழுத்தால் விலகும். மீட்டரை வைக்கும்போது கேபிள் சும்மா தொங்குகிறது. 'ஓகே' என்கிறது மீட்டர்.

மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரில் இன்னொரு தந்திரம். இழைகளில் பாதி அறுந்திருந்தாலும் சரி, முனையில் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் சரி, மீட்டர் அனுப்பும் துளி மின்சாரம் சுலபமாகக் கடந்துவிடும். மோட்டாரின் முழு மின்சாரம் பாயும்போது அந்த இடம் சூடாகும், திணறும், விட்டுவிடும். மரப்பாலத்தில் ஒரு குழந்தையை நடக்கவிட்டுப் பார்த்து, 'லாரி போகலாம்' என்று சர்ட்டிஃபிகேட் கொடுக்கிற மாதிரி! அதனால்தான் அனுபவசாலிகள், மின்சாரம் பாய்ந்து வேலை நடக்கும்போது, அதற்கான பாதுகாப்போடு, இணைப்பின் இரண்டு பக்கமும் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளக்கிறார்கள். நல்ல இணைப்பில் அநேகமாக ஒன்றுமே தொலையாது. தொலைந்தால், திருடன் அங்கேதான்.

* * *

விட்டு விட்டு வரும் தொல்லையைப் பிடிப்பதில் எலெக்ட்ரீஷியனுக்கு முன்னால் தவித்தவர் டாக்டர். மலேரியாவுக்கு நம் ஊரில் என்ன பெயர்? முறைக்காய்ச்சல்! ஒருநாள் கொதிக்கும், மறுநாள் எழுந்து வேலைக்குப் போவான், அடுத்த நாள் மறுபடி படுப்பான். 1880-களில் இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்ஜி, காய்ச்சல் வருகிற நேரத்தையும் ரத்தத்தில் கிருமி இருக்கிற நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிருமிகள் ரத்த அணுக்களை உடைத்துக்கொண்டு கூட்டமாக வெளியேறும் நேரத்தில்தான் குளிர் ஜுரம் தூக்கிப் போடுகிறது என்று புரிந்தது. காய்ச்சல் இல்லாத வேளையில் நோய் போய்விடவில்லை, உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது! இதை அவருக்குக் காட்டிக்கொடுத்தது நேரக் குறிப்பு.

இன்னொரு குறிப்பு உலகப் புகழ்பெற்றது. 1947 செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க்-2' என்ற ராட்சதக் கம்ப்யூட்டர். உள்ளே ஆயிரக்கணக்கான ரிலேக்கள். ரிலே என்றால், மின்காந்தம் இழுத்தால் மூடி, விட்டால் திறக்கும் சுவிட்ச். நம் கிரேனின் கன்ட்ரோல் பெட்டியில் 'டக், டக்' என்று சத்தம் போடுகிற கான்டாக்டர் இருக்கிறதே, அதற்குத் தம்பி. அன்று மெஷின் தகராறு செய்தது. தேடிப் போனால், ஒரு ரிலேயின் நடுவில் மாட்டிக்கொண்டு செத்துக்கிடந்தது ஓர் அந்துப்பூச்சி! கம்ப்யூட்டர் கோளாறை 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் இதிலிருந்து பிறந்ததாகப் பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. 1878-லேயே தாமஸ் எடிசன் தன் கண்டுபிடிப்புகளின் சில்லறைக் குறைகளைக் கடிதத்தில் 'பூச்சிகள்' என்று எழுதியிருக்கிறார்.

என்னைக் கேட்டால், அந்தப் பூச்சியைவிட முக்கியம் அது ஒட்டப்பட்ட நோட்டுப் புத்தகம்! மெஷினைக் கவனித்தவர்கள் பூச்சியை டேப் போட்டு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார்கள். பிற்பகல் 3.45. எந்த ரிலே என்பதையும் எழுதினார்கள். அன்றாடம் எழுதும் பழக்கம் இருந்ததால் அன்றும் எழுதினார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர் கன்ட்ரோல் பெட்டிகளிலும் இந்தக் கதை தினம் நடக்கிறது. பூச்சிக்குப் பதில் பல்லி. பல்லி இல்லாவிட்டால் எறும்பு. அதுவும் இல்லாவிட்டால் கல் அறுக்கும் தூசி, மழைக்கால ஈரத்தில் குழைந்து கான்டாக்டரின் வாய்க்குள் உட்கார்ந்திருக்கும்.

* * *

''சரி சார், நின்னா நிக்கட்டுமே. தூக்கின கல் அப்படியே தொங்கும், அவ்வளவுதானே?'' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிரேனின் பிரேக்கை அதற்காகவே ஒரு மாதிரி செய்திருக்கிறார்கள். மின்சாரம் இருந்தால் பிரேக் விடும், மின்சாரம் போனால் ஸ்பிரிங் வந்து பிடித்துக்கொள்ளும். ஆக, ஓடுகிற கிரேன் நிற்பது எரிச்சல். ஆபத்து எதில் என்றால், நில் என்று சொன்ன கிரேன் நிற்காமல் போவதில்!

அது எப்படி நடக்கும்? மாலையில் ஊரெல்லாம் மோட்டார் போடுகிற நேரம். வோல்டேஜ் இறங்குகிறது. கான்டாக்டரை இழுத்துப் பிடிக்க மின்காந்தத்துக்கு வலு போதாமல், அது படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு அடியிலும் தீப்பொறி. பொறியில் உலோகம் உருகி, இரண்டு முனைகளும் வெல்டிங் வைத்தது போல் ஒட்டிக்கொள்ளலாம். இப்போது பொத்தானிலிருந்து கையை எடுத்தாலும் மோட்டார் ஓடும். கொக்கி உச்சிக்குப் போய் மோதாமல் காப்பாற்ற 'லிமிட் சுவிட்ச்' என்று ஒரு காவல்காரன் உண்டு. ஆனால், அவனே இடையிடையே தொல்லை கொடுத்தான் என்று, 'தற்காலிகமாக' யாரோ ஒரு துண்டு ஒயரைப் போட்டு அவனைத் தூங்க வைத்திருந்தால்?

அந்தத் 'தற்காலிக' ஒயர் என்ன செய்யும் என்பதற்கு லண்டனுக்குப் போக வேண்டும்.

1988 டிசம்பர் 12, திங்கட்கிழமை காலை. கிளாப்ஹாம் ஜங்ஷன் அருகே ஒரு பாசஞ்சர் ரயிலின் டிரைவர், தான் நெருங்கும்போது சிக்னல் சட்டென்று மாறியதைப் பார்த்தார். ஏதோ தப்பு. விதிப்படி அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, போனில் கேட்டார். சிக்னல் அறையில் கோளாறு எதுவும் தெரியவில்லை. அவர் பேசி முடிக்கிற நேரத்தில், பின்னால் வந்த ரயில் அவருடைய ரயிலில் மோதியது. நின்ற ரயிலுக்குப் பின்னால் சிவப்பு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை! 35 பேர் இறந்தார்கள்.

காரணம் ஒரு பழைய ஒயர். இரண்டு வாரங்களுக்கு முன்னால் சிக்னலுக்குப் புது ஒயர் போட்ட டெக்னீஷியன், பழையதைக் கழற்றி ஒதுக்கி வளைத்து வைத்தார். வெட்டவில்லை, நுனிக்கு டேப் சுற்றவில்லை. அந்த இரண்டு வாரமும் சிக்னல் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. விபத்துக்கு முந்தின நாள் ஞாயிறன்று பக்கத்தில் நடந்த வேறு வேலையில் அந்த ஒயர் அசைந்து, மெல்லத் தன் பழைய இடத்துக்கே வந்து தொட்டுக்கொண்டது. சிவப்பைத் தடுத்தது அந்தத் தொடல்தான். ஆண்டனி ஹிடன் தலைமையிலான விசாரணை 1989-ல் அறிக்கை கொடுத்தது. வேலை செய்த டெக்னீஷியன் அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒருநாள்தான் லீவு எடுத்திருந்தார்! அவர் வேலையை இன்னொருவர் ஒயர் ஒயராக எண்ணிச் சரிபார்த்திருக்க வேண்டும். யாரும் எண்ணவில்லை. அறிக்கை ஒரு தொழிலாளியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போகவில்லை. வேலை நேரம், பயிற்சி, சோதனை முறை என்று மொத்த ஏற்பாட்டையும் கேள்வி கேட்டது.

'அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்' என்கிறீர்களா? 2024 மார்ச் 26-க்கு வாருங்கள். நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து 'டாலி' என்ற 300 மீட்டர் நீளக் கன்டெய்னர் கப்பல் கிளம்பியது. போக வேண்டிய இடம், நம் பக்கத்துக் கொழும்பு. ஊழியர்களில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர். பாலத்தை நெருங்கும்போது கப்பலில் விளக்கு அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது! கட்டுப்பாடு இழந்த கப்பல் தூணில் இடித்து, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் சில விநாடிகளில் சரிந்தது. ராத்திரி ஷிஃப்டில் பாலத்தின் மேல் சாலைப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். எல்லாருமே பிழைப்புக்காகத் தென்பக்கத்து நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

2025 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணத்தைச் சொன்னது. கப்பலின் ஆயிரக்கணக்கான ஒயர்களில் ஒரு ஒயர் லூஸ்! அடையாளத்துக்காக மாட்டிய லேபிள் பட்டை, ஒயரின் நுனி வரை ஏறி நின்றதால், நுனி அதன் துளைக்குள் முழுசாகப் போய் உட்காரவில்லை. தொட்டும் தொடாமலும் நின்றது. விழுந்த பாலத்தின் இரும்பை ஆற்றிலிருந்து வெளியே எடுக்க, 1,000 டன் தூக்கும் மிதவை கிரேன் ஒன்று வர வேண்டியிருந்தது.

நம் பாம்பன் பாலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தின் தூக்குப் பகுதியை, ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கையால் சுற்றித்தான் கப்பலுக்கு வழிவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி, மோட்டார் பலத்தில் அப்படியே செங்குத்தாக ஏறுகிறது. எத்தனை உழைப்பு மிச்சம்! கூடவே, கைப்பிடி சுற்றியவர்களுக்குத் தேவைப்படாத ஒரு கவனம் இப்போது தேவைப்படுகிறது. ஒவ்வொரு முனையும் இறுக்கமாக இருக்கிறதா என்று உப்புக் காற்றில் ஏறிப் பார்த்துக்கொண்டே இருக்கும் கவனம்.

* * *

இப்போது நம் கல் பட்டறைக்குத் திரும்புவோம். அந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் என்ன செய்திருக்க வேண்டும்?

முதலில், கல்லைத் தரையில் இறக்கச் சொல்லி, யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, டூல் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஆபரேட்டரை உட்கார வைத்துப் பேச வேண்டும். ''எப்ப நின்னுச்சு தம்பி? காலையில முதல் தூக்கிலயா, நாலு மணி நேரம் ஓடின பிறகா?'' ஓடி ஓடி நின்றது என்றால் சூடு சம்பந்தப்பட்டது. பிரேக் காயிலையோ தளர்ந்த முனையையோ சந்தேகப்படலாம். ''எந்த இடத்துல?'' ஒவ்வொரு தடவையும் தண்டவாளத்தில் ஒரே இடம் என்றால், மேலே மின்சாரம் எடுத்துக்கொடுக்கும் கம்பியின் இணைப்பு அந்த இடத்தில் எகிறுகிறது. ''ஏத்தும்போதா, நகரும்போதா?'' ஏற்றத்தில் மட்டும் என்றால், அந்த மோட்டாரின் வழியில் தேடினால் போதும். ''மழைக்கு அப்புறமா?'' ஈரம். ''சாயங்காலமா?'' வோல்டேஜ். ''பெட்டியை ஆட்டினா சரியாகுதா?'' அப்படியென்றால் கேபிள். மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மீட்டரை மாட்டியபடி கேபிளை அடி அடியாக வளைத்துப் பார்த்தால் முள் துள்ளும் இடம் தெரிந்துவிடும்.

அவசரக்காரர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். கான்டாக்டரை மாற்று, கேபிளை மாற்று, பொத்தானை மாற்று என்று ஒரே நாளில் மூன்றையும் மாற்றுவார்கள். நின்றுபோனால் சந்தோஷம். ஆனால், எதனால் நின்றது என்று தெரியாதே! பத்து நாள் கழித்து மறுபடி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலாளிக்குச் செலவு மூன்று மடங்கு.

இன்றைய பெரிய கிரேன்களில் நடந்ததையெல்லாம் விநாடி சுத்தமாகப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் உண்டு. சூடான முனையை எட்ட நின்றே சிவப்பாகக் காட்டும் கேமரா உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால், கிராமத்துப் பட்டறைகளின் பழைய கிரேன்களுக்கு அதெல்லாம் எப்போது வரும்? அதுவரை இருக்கவே இருக்கிறது, கடையில் வாங்கும் ஒரு சாதா நோட்டு, சணலில் கட்டிய ஒரு பேனா.

ஹார்வர்டு நோட்டுப் புத்தகம், ஒட்டிய பூச்சியோடு, இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் மியூசியத்தின் வசம் இருக்கிறது. கம்பைநல்லூர் பக்கத்துக் கிரேன் காலில் தொங்கும் நோட்டை எந்த மியூசியமும் கேட்காது. அதில் ஆபரேட்டர் தம்பி கோணல் கையெழுத்தில் எழுதியிருப்பார்: 'செவ்வாய். மழை விட்டதும். 6.10. மூணாவது தூண்கிட்ட. ஏத்தும்போது நின்னுச்சு. ஆட்டினேன், ஓடுச்சு.'

கடைசி இரண்டு வார்த்தையைப் பார்த்து 'சரியாயிடுச்சே' என்று பக்கத்தைப் புரட்டுபவர் ஒரு வகை. மேலே இருக்கும் நான்கு தகவலைப் பார்த்து, ஏணியை எடுத்துக்கொண்டு மூன்றாவது தூணுக்குப் போகிறவர் இன்னொரு வகை. நாளைக்குக் காலையில் அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில் நடக்கப் போகிறவர், இவர்களில் யார் வருவார் என்பதை நம்பித்தான் வீட்டிலிருந்து கிளம்புகிறார்.